முடக்குப்பாறைப் பிரிவில் கம்பி போடுவது யார்?

அந்தக் கம்பியைப் பிடுங்காதீர்கள். கையை எடுங்கள். கண்ணால் பார்க்கலாம், தொடக்கூடாது. டயரில் இருக்கிறவரைக்கும்தான் அது சாட்சி. பிடுங்கிவிட்டால் வெறும் கம்பி. தவிர, அது எந்த இடத்தில் ஏறியிருக்கிறது, எந்தச் சாய்வில் போயிருக்கிறது என்று எனக்குத் தெரிய வேண்டும். பிடுங்கிவிட்டு வந்து நிற்கிறவர்களிடம் நான் கோபப்படுவேன். உங்களிடம் இன்னும் கோபப்படவில்லை.

முதலில் வண்டியை உள்ளே கொண்டுவாருங்கள். பாதி தார் ரோட்டில், பாதி மண்ணில் நிறுத்தியிருக்கிறீர்கள். காற்று இறங்கியதும் பதற்றத்தில் எல்லோரும் இப்படித்தான் நிறுத்துகிறார்கள். பின்னால் வருகிற லாரிக்காரருக்கு உங்கள் கஷ்டம் தெரியுமா? மெதுவாக, இந்த வேப்பமரம் வரைக்கும். போதும். ஹேண்ட்பிரேக் போடுங்கள். கியரிலும் விட்டுவிடுங்கள். பஞ்சரான சக்கரத்துக்குக் குறுக்கே இருக்கிற பின்சக்கரத்துக்கு நான் கல் வைக்கிறேன், முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. வண்டியை நம்பக்கூடாது. ரோட்டை நம்பக்கூடாது. ஜாக்கியை ஒருநாளும் நம்பக்கூடாது.

அந்த ஸ்டூலில் உட்காருங்கள். சார் என்று கூப்பிட மாட்டேன், தவறாக எடுத்துக்கொள்ளாதீர்கள். சார் என்று யாரையும் கூப்பிடுவதில்லை என்று பஞ்சாலையில் வேலை பார்க்கும்போதே முடிவெடுத்தேன். நண்பரே என்று கூப்பிடுகிறேன். என் பெயர் வேலுமயில். இந்தப் பக்கத்தில் தோழர் வேலுமயில் என்றால் தெரியும். எங்கிருந்து வருகிறீர்கள்? திண்டுக்கல்லா. வேலை? சொல்ல விருப்பமில்லையா. சரி, சொல்ல வேண்டாம். நான் கேட்டது சும்மாதான்.

பாருங்கள், வண்டி தரையில் இருக்கும்போதே நட்டுகளைத் தளர்த்த வேண்டும். தூக்கி நிறுத்திய பிறகு எம்பி எம்பித் தளர்த்தினால் வண்டி ஜாக்கியிலிருந்து நழுவும். ஜாக்கிக்கு அடியில் பலகை. இது மண் தரை, அமுங்கும். எவ்வளவு அவசரமானாலும் வண்டிக்கு அடியில் கையை விடக்கூடாது. அவசரத்தில் செய்கிற வேலை எதிரிக்குச் செய்கிற உதவி. இது நான் எழுதிய ஒரு துண்டறிக்கையின் முதல் வரி. வேறு விஷயத்துக்காக எழுதியது. டயருக்கும் பொருந்துகிறது.

இந்தக் கம்பியைப் பாருங்கள். மெல்லியது, கருப்பு. முறுக்கின மாதிரி ஒரு வளைவு. ஊசியை விடக் கெட்டி. மாசி மாதத்துக்கு முன்னால் இந்த ரோட்டுப் பிரிவில் இப்படி ஒரு கம்பியை நான் பார்த்ததில்லை. அதுவரைக்கும் வந்ததெல்லாம் நேர்மையான பஞ்சர். ஆணி, லாடம், ஸ்குரு, கருவேல முள். எல்லாவற்றுக்கும் ஒரு காரணம் இருக்கும். பலகை லாரியிலிருந்து ஆணி விழும். காட்டுப் பாதையில் முள் ஏறும். மாசிக்குப் பிறகு கம்பி, கம்பி, கம்பி. இந்தக் கம்பிக்குக் காரணம் கிடையாது. காரணம் இல்லாமல் எதுவும் நடக்காது. காரணம் தெரியவில்லை என்றால் காரணத்தை யாரோ மறைக்கிறார்கள் என்று அர்த்தம்.

நான் காலேஜ் படிக்கவில்லை. எட்டாவதோடு சரி. மற்றதெல்லாம் துண்டறிக்கையில் படித்தது. மில் வாசலில் கொடுப்பார்கள், ஸ்பின்னிங்கில் நின்றுகொண்டே படிப்பேன். படித்து முடித்ததும் நானே எழுத ஆரம்பித்தேன். நல்ல துண்டறிக்கை ஒரே ஒரு கேள்வி கேட்கும். இதனால் லாபம் யாருக்கு? அவ்வளவுதான். அந்தக் கேள்வியை எதன் மேல் வைத்தாலும் பூட்டு திறக்கும்.

ரோட்டில் கம்பி கிடக்கிறது. டயர் பஞ்சர் ஆகிறது. லாபம் யாருக்கு? பஞ்சர் கடைக்கு. இந்தப் பிரிவில் பஞ்சர் கடை இரண்டு. ஒன்று என்னுடையது. நான் போடவில்லை, அது எனக்கே தெரியும். மிச்சம் இருப்பது எத்தனை? நீங்களே சொல்லுங்கள்.

அதோ, எதிர்ப்பக்கம், நீலத் தகரம் போட்ட கடை. ஜெசிந்தா. நாமக்கல்லில் லாரி டயர் பட்டறையில் வேலை பார்த்தவளாம். புருஷன் லாரி ஓட்டினவன், இடுப்பு ஒடிந்து படுத்திருக்கிறான். மாசியில் வந்து கடை போட்டாள். மாசி. கவனித்தீர்களா?

மாசியில் வேறு என்ன நடந்தது என்று கேட்கிறீர்களா? மறியல் நடந்தது. கேள்விப்பட்டிருப்பீர்கள், டிவியில் வந்தது. முன்பெல்லாம் இந்த நாலுவழி ரோட்டின் நடுச்சுவரில் இந்த இடத்தில் ஒரு சந்து இருந்தது. பள்ளிக்கூடத்துக்கு, சந்தைக்கு, ரேஷனுக்கு எல்லாம் அதன் வழியாகத்தான் குறுக்கே போவோம். ரோட்டுக்காரர்கள் ஒரு காலையில் வந்து அடைத்துவிட்டார்கள். இப்போது எதிர்ப்பக்கம் போக வேண்டுமென்றால் பாலம் வரைக்கும் போய்ச் சுற்றி வர வேண்டும். இல்லையென்றால் சுவரைத் தாண்டிக் குதிக்க வேண்டும். சுரங்கப்பாதை கேட்டு மறியல் செய்தோம். முன்னால் நின்றது நான். டயர் கொடுத்ததும் நான்தான். கடைக்குப் பின்னால் பாருங்கள், பழைய டயர் எவ்வளவு கிடக்கிறது. இந்த வட்டாரத்தில் ஒரு மறியலுக்குத் தேவையான டயர் வேறு யாரிடம் இருக்கிறது? ரோட்டின் இரண்டு பக்கமும் அடுக்கிக் கொளுத்தினோம். புகை கரூர் வரைக்கும் தெரிந்திருக்கும். தாசில்தார் வந்தார், பேசினார், போனார். சுரங்கப்பாதை வரவில்லை.

வந்தது கம்பி. மறுநாள் காலையில் முதல் வண்டி. அதற்குப் பின்னால் வரிசையாக.

நான் முட்டாள் இல்லை நண்பரே. உடனே புரிந்துகொண்டேன். இது பழிவாங்கல். முதலில் ரோட்டுக்காரர்கள் மேல்தான் சந்தேகம் வந்தது. மறியல் செய்த ஊருக்குப் பாடம் கற்பிக்கிறார்கள் என்று நினைத்தேன். 'முடக்குப்பாறைப் பிரிவில் கம்பி போடுவது யார்' என்று துண்டறிக்கை அடித்தேன். சித்திரையில் கம்பியைக் கண்டித்து ஒரு மறியல். மறுபடியும் டயர் அடுக்கினோம், கொளுத்தினோம். என்ன நடந்தது தெரியுமா? கம்பி இரண்டு மடங்கு. ஆனியில் இன்னொரு மறியல். இன்னும் அதிகம். நாம் எதிர்க்க எதிர்க்க அவர்கள் அதிகமாகப் போடுகிறார்கள். போராட்டம் சரியான இடத்தில் குத்துகிறது என்பதற்கு இதைவிட வேறு என்ன அத்தாட்சி வேண்டும்?

இதோ சக்கரம் வந்துவிட்டது. கொஞ்சம் தள்ளி உட்காருங்கள், காற்று ஏற்றப் போகிறேன். சோப்புத் தண்ணீர் தெளிக்கிறேன். நுரை எங்கே முட்டை விடுகிறது பாருங்கள். கம்பி இருக்கும் இடத்தில் மட்டும்தான். நல்லது. வால்வில் இல்லை, ரிம் ஓரத்தில் இல்லை. ஒரு ஓட்டையைப் பார்த்துவிட்டுத் திருப்திப்படுகிறவன் இந்த வேலைக்கு ஆகமாட்டான். சாக்பீஸால் வட்டம் போட்டுக்கொண்டு, இப்போது பிடுங்கலாம். இந்த டப்பாவில் போடுகிறேன். இன்று சாயங்காலம் இது பேசும்.

என்ன பேச்சு என்றால், நாலு மணிக்கு வணிகர் சங்கக் கூட்டம். டீக்கடை நாகேந்திரன்தான் தலைவர், பெயருக்கு. தீர்மானம் நான் எழுதியது. ஜெசிந்தா கடையை இந்தப் பிரிவிலிருந்து எடுக்க வேண்டும். இடத்தின் சொந்தக்காரர் சம்மதித்துவிட்டார். சம்மதிக்க வைத்தேன். சங்கம் இழுத்தடித்தால் மறியல். டயர் அடுக்கி வைத்தாகிவிட்டது, அதோ சுவர் ஓரமாக. நீங்கள் அதுவரைக்கும் இருந்து, என் டயரில் கம்பி ஏறியது என்று நாலு பேர் முன்னால் ஒரு வார்த்தை சொன்னால் நன்றாக இருக்கும். போக வேண்டுமா? சரி. வேலை முடியட்டும், பிறகு பேசலாம்.

அவள்தான் என்று எப்படித் தெரியும் என்கிறீர்கள். கேளுங்கள். நல்ல கேள்வி. நான் கண்ணால் பார்த்தேன்.

ஆனி மறியலுக்கு மறுநாள், விடிகிற நேரம். பல் துலக்கிக்கொண்டு வெளியே வருகிறேன். ரோட்டு ஓரத்தில் அவள் குனிந்து குனிந்து நடக்கிறாள். கையில் ஒரு கயிறு, கயிற்று நுனியில் கருப்பாக ஒரு வட்டம். தரையோடு தரையாக இழுத்துக்கொண்டு போகிறாள். நான் சுவர் ஏறி அந்தப் பக்கம் போனேன்.

"ஏம்மா, என்ன பண்ற?" என்றேன்.

"கம்பி பொறுக்குறேண்ணே," என்றாள். "காந்தம். ஸ்பீக்கர்ல இருந்து எடுத்தது. நல்லா இழுக்குது பாருங்க."

"உனக்கு எதுக்கு இந்த வேலை?"

"வண்டில போறவங்க பாவம்ல."

பாவமாம். பஞ்சர் கடை வைத்திருக்கிறவள் பஞ்சருக்காகப் பாவப்படுகிறாள். நம்புவீர்களா? நான் கேட்கிறேன், கம்பி எங்கே கிடக்கிறது என்று இவளுக்கு எப்படித் தெரியும்? நேராக அந்த இடத்துக்குப் போகிறாள், வேறு எங்கும் தேடவில்லை. போட்டவளுக்குத்தானே போட்ட இடம் தெரியும்? இன்னொன்று, ஒலிபெருக்கியை உடைத்துக் காந்தம் எடுத்திருக்கிறாள். ஒலிபெருக்கியை உடைக்கிறவள் எந்தப் பக்கத்து ஆள் என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

நான் விடவில்லை. "இந்தக் கம்பி எங்கிருந்து வருதுன்னு தெரியுமா உனக்கு?" என்றேன்.

காந்தத்தில் ஒட்டியிருந்த கம்பியை வழித்தாள். "தெரியும்ணே," என்றாள். "உங்களுக்குத் தெரியாதாண்ணே? டயருக்குள்ள இருக்குறதுதானே. நீங்க கொளுத்துறீங்க, ரப்பர் எரிஞ்சு போகுது. கம்பி எங்க போகும்?"

எப்படி இருக்கிறது பாருங்கள். என்னிடம். டயரைப் பற்றி என்னிடம். ரேடியல் டயருக்குள் கம்பி இருக்கிறது என்று எனக்குத் தெரியாதா? தினமும் டயரைப் பிரிக்கிறவன் நான். டயருக்குள் இருக்கிற கம்பி பித்தளை நிறத்தில் மினுங்கும். இதோ இந்தப் பழைய டயரைப் பாருங்கள், தேய்ந்துபோய் வெளியே தெரிகிறது. பொன் மாதிரி இருக்கிறது. ரோட்டில் கிடக்கிற கம்பி கருப்பு. அடுப்பில் போட்டு எடுத்தது மாதிரிக் கருப்பு. வெயிலில் மின்னி யாரும் பார்த்துவிடக் கூடாது என்று நெருப்பில் காட்டி நிறம் மாற்றியிருக்கிறாள். அவ்வளவு திட்டம்.

அதோடு, கொளுத்திய இடத்தை நான் அப்படியே விடுகிறவன் இல்லை. ஒவ்வொரு மறியலுக்குப் பிறகும் டயர் விளிம்பில் இருக்கும் பெரிய கம்பி வளையங்களை நானே பொறுக்கி எடுத்துவிடுவேன். வளையம் ஒன்றுகூட மிச்சம் இருக்காது. சாம்பலை ஓரமாகத் தள்ளிவிடுவோம். ஆனி மாதத்துச் சாம்பல் இன்னும் அங்கேயே கிடக்கிறது பாருங்கள், அந்த அம்புக்குறிப் பலகைக்குக் கீழே. சாம்பல்தான். சாம்பல் யார் காலில் ஏறும்?

நீங்கள் ஏன் அதையே பார்க்கிறீர்கள்?

சரி. இந்த டயரைக் கவனிப்போம். ரிம்மிலிருந்து கழற்றிவிட்டேன். இப்போது உள்ளே கைவிட்டுப் பார்க்க வேண்டும். வேறு ஏதாவது நீட்டிக்கொண்டிருந்தால் கையைக் கிழிக்கும், அதனால் மெதுவாக. உள்ளே கருப்பு மாவு மாதிரி உதிர்ந்திருந்தால், காற்றில்லாமல் ரொம்ப தூரம் ஓட்டியிருக்கிறீர்கள் என்று அர்த்தம். பக்கச்சுவர் நசுங்கி உள்ளுக்குள்ளேயே செத்திருக்கும். வெளியே பார்த்தால் புதுசு மாதிரி இருக்கும். அப்படி இருந்தால் நான் ஒட்ட மாட்டேன், நீங்கள் என்ன சொன்னாலும். வேறு டயர் வாங்கிக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிடுவேன். உங்களுடையது சுத்தமாக இருக்கிறது. உடனே நிறுத்தியிருக்கிறீர்கள். ஓட்டையும் நடுவில், தரையில் படுகிற பாகத்தில் இருக்கிறது. ஓரத்திலோ பக்கச்சுவரிலோ இருந்தால் அதற்கும் ஒட்டு கிடையாது. அந்த இடம் ஒவ்வொரு சுற்றிலும் மடங்கி நிமிர்கிறது, ஒட்டு நிற்காது. வேகத்தில் வெடிக்கும். வெடித்த பிறகு பஞ்சர் கடைக்காரன் பெயரை யாரும் விசாரிப்பதில்லை.

உள்ளிருந்துதான் ஒட்டுவேன். ஓட்டையைச் சுற்றிச் சுரண்டி, தூசியைத் துடைத்து, சொல்யூஷன் தடவிக் காய விட வேண்டும். விரலால் தொட்டால் ஒட்ட வேண்டும், விரலோடு வரக்கூடாது. இதோ, காளான் மாதிரி இருக்கிறதே, இதன் காம்பு ஓட்டையை அடைக்கும், குடை உள்பக்கம் ஒட்டிக்கொள்ளும். தண்ணீர் உள்ளே போகாது, டயருக்குள் இருக்கிற கம்பி துருப்பிடிக்காது.

எதிர்க் கடையில் என்ன செய்கிறாள்? சக்கரத்தைக் கழற்றாமலேயே வெளியிலிருந்து பசைத் திரியைக் குத்தி இறக்குகிறாள். பத்து நிமிஷத்தில் வண்டி கிளம்பிவிடும். ஆனால் அதிலும் ஒரு தந்திரம் வைத்திருக்கிறாள். போன வாரம் ஒரு டாக்டர் வந்தார். அவள் திரி குத்திய டயர். "இது ஊர் போய்ச் சேர்ற வரைக்கும்தான் சார், ரொம்ப வேகமாப் போகாதீங்க, எதிர்ல அண்ணன் கடையில உள்ள இருந்து நல்லா ஒட்டுவார், அங்க கழட்டிப் பாத்துக்கங்க" என்று அவளே சொல்லி அனுப்பினாளாம். அவர் மட்டும் இல்லை. பல பேர் இப்படி வந்திருக்கிறார்கள். எந்தப் போட்டிக்காரி தன் கடைக்கு வந்தவர்களை எதிர்க் கடைக்கு அனுப்புவாள்? இதனால் லாபம் யாருக்கு? யோசித்துப் பார்த்தேன். ஒரே பதில்தான். என் வாயை அடைக்கிறாள். நான் நாலு வண்டி பார்த்துக்கொண்டு சும்மா இருந்துவிடுவேன் என்று கணக்குப் போடுகிறாள்.

நான் வாயடைக்கிற ஆள் இல்லை. மில் மூடினபோது முதலாளியின் ஆள் வீட்டுக்கு வந்து தனியாகப் பேசினான். டீ கொடுத்து அனுப்பிவிட்டேன். என்னோடு உண்ணாவிரதம் இருந்தவன் ஒருத்தன் இன்றைக்குக் கல்யாண மண்டபம் வைத்திருக்கிறான். வாசலில் பன்னீர் தெளிக்கிறான். நான் பஞ்சர் ஒட்டுகிறேன். மில் கதவு திறக்கவில்லை, சுரங்கப்பாதை வரவில்லை, இந்தப் பிரிவில் பஸ் நிற்கவில்லை. வாழ்நாள் முழுக்க ஒன்று மாற்றி ஒன்று கேட்டேன். ஒன்றும் கிடைக்கவில்லை நண்பரே. சிறையில் கொடுத்த கஞ்சி கிடைத்தது. இன்றைக்கு நாலு மணிக்கு ஒன்று கிடைக்கப் போகிறது. சின்னதுதான். இருந்தாலும் ஜெயித்தேன் என்று சொல்லிக்கொள்ள ஒன்று.

அதோ நாகேந்திரன் வருகிறான். டீ குடியுங்கள். இவனுக்கு எதிலும் விளையாட்டு. "அண்ணே, மறியல் தேதிய ஒருநாள் முன்னாடியே சொல்லிருங்கண்ணே, மறுநாளைக்குப் பால் கூட வாங்கணும்" என்பான். மறுநாள் பஞ்சருக்குக் காத்திருக்கிறவர்கள் டீ குடிப்பார்கள் அல்லவா, அந்தக் கேலி. சிரிக்கிறீர்கள். சிரியுங்கள்.

"என்ன நாகேந்திரா, கூட்டத்துக்கு எல்லாரும் வர்றாங்களா?"

"கூட்டம் எதுக்குண்ணே? அங்கிட்டு பாக்கலையா நீங்க? அந்தம்மா கெளம்புது."

எங்கே? தள்ளுங்கள், பார்க்கிறேன். ஆமாம். குட்டியானை வண்டி நிற்கிறது. கம்ப்ரசரை ஏற்றுகிறார்கள். தகரத்தைக் கழற்றுகிறார்கள்.

பார்த்தீர்களா? பார்த்தீர்களா நண்பரே? கூட்டம்கூட நடக்கவில்லை. தீர்மானத்தின் எழுத்தே போதுமாக இருந்தது. குற்றம் செய்யாதவள் ஏன் போகிறாள்? நின்று வாதாட வேண்டியதுதானே. நாகேந்திரா, குறித்துக்கொள். இன்றைக்கு என்ன தேதி?

இங்கேதான் வருகிறாள். சுவரைத் தாண்டுகிறாள். நீங்கள் பேசாமல் இருங்கள், நான் பேசிக்கொள்கிறேன்.

"கெளம்புறேண்ணே."

"எங்க?"

"வேடசந்தூர்ப் பக்கம். தங்கச்சி வீட்டுக்காரரு எடம் பாத்திருக்காரு. இடத்துக்காரரு காலி பண்ணச் சொல்லிட்டாரு. நீங்க சொன்னீங்களாமே."

"சங்கம் சொல்லுச்சு."

"சரிண்ணே. சங்கம்னே இருக்கட்டும். இந்தாங்க, இந்தக் காந்தத்த நீங்க வச்சுக்கங்க. இனிமே நீங்கதான் இழுக்கணும்."

"இது எனக்கு எதுக்கும்மா?"

"அண்ணே, ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். அங்க டயரு அடுக்கியிருக்கீங்கள்ல. இன்னைக்குக் கொளுத்தாதீங்க. நாளைக்கு வேளாங்கண்ணிக்கு நடக்குறவங்க இந்த வழியா வர்றாங்க. எங்க ஊர்ச் சனம் வரும். காவி கட்டி, செருப்பில்லாம நடப்பாங்க. வயசானவங்க, கைப்பிள்ளைக்காரிக. ரோட்டோரமாத்தான் நடக்கணும். நான் இருந்தா விடியக்காலம் எந்திரிச்சு இழுத்துப்புடுவேன். நான் இருக்க மாட்டேன்ல. கொளுத்தித்தான் ஆகணும்னா வைக்கோலக் கொளுத்துங்கண்ணே."

"வைக்கோல்ல கரும்புகை வருமா? டிவிக்காரன் வருவானா?"

"நாந்தான் போறேனேண்ணே. அப்புறம் எதுக்கு டிவி?"

போய்விட்டாள். திரும்பிப் பார்க்கிறாளா? இல்லை. பார்த்தீர்களா, கடைசியில் மதத்தைக் கொண்டுவந்து நுழைக்கிறாள். போகிறபோதும் போராட்டத்தைக் கெடுத்துவிட்டுத்தான் போக வேண்டும். குற்றம் செய்த கருவியையும் கையில் கொடுத்துவிட்டுப் போகிறாள். இந்தக் காந்தத்தைக் கடை முகப்பில் மாட்டப் போகிறேன். கீழே ஒரு வரி எழுதுவேன்.

என்ன நாகேந்திரா?

"இல்லண்ணே, அந்தம்மாதான் போயிருச்சே. டயர யார எதுத்துக் கொளுத்துறது?"

எதிர்த்து இல்லை. கொண்டாட. அடுக்கினது அடுக்கினதுதான். ஒரு வெற்றிக்கு ஒரு புகைகூட இல்லையென்றால் எப்படி? ஆட்கள் நாலு மணிக்கு வருவார்கள், கொடி வரும். நீ பாலுக்குச் சொல்லிவிடு, போ.

உங்கள் டயர் தயார் நண்பரே. ஒட்டு பிடித்துவிட்டது. காற்று ஏற்றி மறுபடியும் சோப்புத் தண்ணீர், இதோ ஒரு முட்டைகூட இல்லை. சக்கரத்தை மாட்டி நட்டுகளை முதலில் கையால் சுற்ற வேண்டும். எடுத்தவுடனே ஸ்பேனரைப் போட்டால் கோணலாக ஏறும். பிறகு வரிசையாக இறுக்கக்கூடாது, எதிர் எதிராக. ஒன்று இங்கே, அடுத்தது நேர் எதிரே. அப்போதுதான் சக்கரம் சமமாக உட்காரும். ஜாக்கியை இறக்கிவிட்டு, தரையில் வைத்து மறுபடி இறுக்க வேண்டும்.

எங்கே போனீர்கள்? அந்தக் காந்தத்தை ஏன் எடுத்துக்கொண்டு போகிறீர்கள்? அது சாட்சிப் பொருள். நண்பரே, அங்கே ஒன்றும் இல்லை. அது சாம்பல். ஆனி மாதத்துச் சாம்பல் என்று சொன்னேனே. அதில் ஏன் வைக்கிறீர்கள்?

கொண்டுவாருங்கள். இங்கே கொண்டுவாருங்கள், பார்க்கிறேன்.

முள்ளம்பன்றி மாதிரி ஆகிவிட்டது.

கொஞ்சம் இருங்கள். பேசாதீர்கள். ஒரு நிமிஷம் பேசாதீர்கள்.

எல்லாம் அதே கம்பி. கருப்பு. அதே வளைவு. கையால் வழித்தால் விரலில் கரி ஒட்டுகிறது. இவ்வளவும் நம்முடைய சாம்பலில் இருந்ததா? நான் வளையத்தை எல்லாம் பொறுக்கினேனே. என் கையால் பொறுக்கினேன்.

கெட்டிக்காரி. அடேயப்பா, எவ்வளவு கெட்டிக்காரி. எங்கள் சாம்பலுக்குள்ளேயே கலந்து வைத்திருக்கிறாள். நாளைக்கு எவனாவது விசாரிக்க வந்தால், காந்தத்தை இந்தச் சாம்பலில் வைத்துக் காட்டினால் போதும். பழி யார் மேல் விழும்? என் மேல். அதற்காகத்தான் காந்தத்தை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனாள். இப்போது புரிகிறது. எல்லாம் பொருந்துகிறது.

நீங்கள் யார்?

இல்லை, கேட்கிறேன். நீங்கள் யார்? வேலை என்ன என்று கேட்டேன், சொல்லவில்லை. அவள்தான் என்று எப்படித் தெரியும் என்று கேட்டீர்கள். சாம்பலையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். வெளியூர்க்காரர், நேராகப் போய்ச் சரியான இடத்தில் காந்தத்தை வைக்கிறீர்கள். யார் சொல்லிக் கொடுத்தது? தலையை ஆட்டாதீர்கள். நான் எத்தனையோ போலீஸ் உளவாளியை மில் சங்கத்தில் உட்கார வைத்து டீ வாங்கிக் கொடுத்தவன்.

நில்லுங்கள். அப்படியே வண்டியை எடுக்காதீர்கள். ஒரு நட்டு இன்னும் இறுகவில்லை. நீங்கள் யாராக இருந்தாலும் சரி, என் கடையிலிருந்து சக்கரம் ஆடிக்கொண்டு போகக்கூடாது. இதோ. இப்போது சரி. இன்றைக்கு ஊர் போய்ச் சேர்ந்ததும் நட்டுகளை ஒருமுறை இறுக்கிப் பாருங்கள், காற்றையும் பாருங்கள். ஸ்டெப்னியிலும் காற்று இருக்கிறதா என்று பாருங்கள், யாரும் அதைப் பார்ப்பதில்லை.

காந்தத்தைக் கீழே வையுங்கள். அது இங்கேயே இருக்கட்டும். சாயங்காலம் அதை ஆணி அடித்து மாட்ட வேண்டும்.

நாலு மணிக்குள் இந்தப் பிரிவைத் தாண்டிவிடுங்கள். கொளுத்த ஆரம்பித்துவிட்டால் விட மாட்டோம், நானே சொன்னாலும் பையன்கள் விட மாட்டார்கள். நாளைக்கு இதே வழியில் திரும்புவதாக இருந்தால் ஓரமாக ஓட்டாதீர்கள். நடக்கிற ஜனங்கள் வருவார்கள். கம்பியும் கிடக்கும். மறியலுக்கு மறுநாள் இங்கே கம்பி கிடக்காமல் இருந்ததே இல்லை. அவள்தான் போய்விட்டாளே என்கிறீர்களா? போய்விட்டாள். அதன் பிறகும் கிடந்தால், அவளுக்குப் பின்னால் வேறு ஒருத்தன் இருக்கிறான் என்று அர்த்தம்.

யார் என்று நான் கண்டுபிடிக்காமல் விட மாட்டேன்.